ஒரு தடவை யூரின் இன்ஃபெக்ஷன் வந்ததற்கே மகனுக்கு முன்தோலை எடுக்கச் சொல்கிறார்கள், அவசியமா?

தூக்கமில்லாஅப்பா:

மகனுக்கு ஐந்து மாதம். போன மாதம் காய்ச்சல் வந்தது, சளி இல்லை, இருமல் இல்லை, ஆனால் 102க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. யூரின் டெஸ்ட் எடுத்துவிட்டு இன்ஃபெக்ஷன் என்றார்கள், ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. இப்போது ஃபாலோஅப்புக்குப் போனால் டாக்டர் "முன்தோலை எடுத்துவிடுங்கள், எடுக்காத பையன்களுக்கு இது பத்து மடங்கு அதிகமாக வரும்" என்கிறார். எங்களுக்கு இது மத வழக்கம் கிடையாது, அதனால் வீட்டில் யாருக்கும் அனுபவமும் இல்லை. மனைவி சம்மதம் என்கிறாள், அவளுடைய தம்பி (அவனும் டாக்டர்தான், வேறு பிரிவு) இதெல்லாம் அமெரிக்கக்காரன் கிளப்பிவிட்டது, ஐரோப்பாவில் யாரும் சீந்துவதில்லை என்கிறான். பத்து மடங்கு என்பது உண்மையா? உண்மை என்றால் ஏன் எல்லாக் குழந்தைக்கும் செய்வதில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மதச் சண்டை வேண்டாம்.

கணக்குப்புலி:

பத்து மடங்கு என்பது பொய் இல்லை சகோ, ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது பாதிக் கணக்கு. எத்தனையிலிருந்து எத்தனை என்று கேட்க வேண்டும்.

இந்த விவாதத்தை ஆரம்பித்தவர் விஸ்வெல் என்ற அமெரிக்க ராணுவக் குழந்தை மருத்துவர். ஒரு ராணுவ மருத்துவமனையில் பிறந்த சுமார் ஐயாயிரம் குழந்தைகளை எடுத்துப் பார்த்து 1985இல் எழுதினார். முன்தோல் எடுக்காத ஆண் குழந்தைகளில் 4 சதவீதம் பேருக்குச் சிறுநீர்த் தொற்று, எடுத்தவர்களில் 0.2 சதவீதம். இருபது மடங்கு. அடுத்த வருடமே ராணுவ மருத்துவமனைகள் எல்லாவற்றின் பதிவுகளையும் சேர்த்து, நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அது சுமார் 1.1 சதவீதத்துக்கும் 0.1 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசமாக இறங்கியது. உங்கள் டாக்டர் சொல்லும் பத்து மடங்கு அநேகமாக இங்கிருந்துதான் வருகிறது. மடங்காகப் பார்த்தால் பயங்கரம். தலை எண்ணிப் பார்த்தால், நூறு பையன்களில் முன்தோல் இருந்தும் 99 பேருக்கு முதல் வருடத்தில் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் 1998இல் கனடாவின் ஒன்டாரியோவில் பெரிய ஆய்வு நடந்தது. அங்கே வித்தியாசம் நாலு மடங்குக்கும் கீழே, ஒரு குழந்தை தொற்றால் ஆஸ்பத்திரியில் படுப்பதைத் தடுக்க 195 குழந்தைகளுக்கு வெட்ட வேண்டும் என்று கணக்கு வந்தது. 2005இல் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஒரு தொற்றைத் தடுக்க 111 பேர் என்றார்கள். எல்லாக் குழந்தைக்கும் ஏன் செய்வதில்லை என்ற கேள்விக்குப் பதில் இதுதான். வெட்டுவதும் சும்மா இல்லையே, ரத்தக்கசிவு, புண்ணில் தொற்று, சிறுநீர்த் துவாரம் சுருங்குவது என்று சிறுசிறு சிக்கல்கள் கைதேர்ந்தவர்கள் செய்தாலும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். லாபமும் நஷ்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கிறது.

ஆனால் அதே 2005 ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு, உங்களுக்கு வேண்டியது அதுதான். ஏற்கெனவே திரும்பத் திரும்பத் தொற்று வரும் பையன்கள் என்றால் 111 என்பது 11 ஆகிவிடுகிறது. மூத்திரம் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கே எதிர்த்து ஏறும் கோளாறு கடுமையாக இருக்கும் பையன்கள் என்றால் வெறும் 4. உங்கள் மகன் எந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்று தெரியாமல் ஆம், இல்லை என்று இங்கே யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

முகிலினி:

உங்கள் மச்சான் பாதி சரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே இந்த விஷயத்தில் எத்தனை தடவை குட்டிக்கரணம் அடித்திருக்கிறது பாருங்கள். 1971இல் பிறந்த குழந்தைக்கு இதைச் செய்ய மருத்துவக் காரணமே இல்லை என்றார்கள், 1989இல் பலன் இருக்கலாம் என்றார்கள், 1999இல் இருந்தாலும் பரிந்துரைக்கப் போதாது என்றார்கள், 2012இல் பலன் ஆபத்தைவிட அதிகம், ஆனால் எல்லாருக்கும் செய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்றார்கள். அந்தக் கடைசி அறிக்கையை எதிர்த்து 2013இல், பெரும்பாலும் ஐரோப்பாவைச் சேர்ந்த 38 பேர் அதே சங்கத்தின் பத்திரிகையிலேயே எழுதினார்கள். கனடாக்காரர்களும் 2015இல் எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை என்றுதான் முடித்தார்கள்.

எனக்கு ஆய்வுகள் மீதே சந்தேகம் உண்டு. அந்த 12இல், யாருக்கு வெட்டுவது யாருக்கு வேண்டாம் என்று சீட்டுப்போட்டுப் பிரித்த சோதனை ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் தானாக நடந்ததைப் பார்த்து எண்ணியவை. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, ஏற்கெனவே நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கு யாரும் உடனே கத்தி வைக்க மாட்டார்கள், அவர்கள் எல்லாரும் "எடுக்காதவர்கள்" பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பும் அதிகம். பழி முன்தோல் மேல்.

தவிர, தொற்று வந்தால் ஆண்டிபயாட்டிக் இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு முதல் வருடம் தாண்டினால் ஆண்களைவிட அதிகமாகவே இது வருகிறது, அவர்களுக்கு யாரும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதில்லை, மருந்து கொடுத்து அனுப்புகிறோம். பையன் வளர்ந்து அவனாக முடிவெடுக்கட்டுமே.

கணக்குப்புலி:

முகிலினி, நீங்கள் சொல்லும் குறை எல்லாம் சரி, ஆனால் ஆய்வுக்கு ஆய்வு எத்தனை மடங்கு என்பதுதான் மாறுகிறதே ஒழிய எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறவில்லை. குறைமாதக் குழந்தைக் கணக்கு இருபதை நாலாக்கும், ஒன்றாக்காது. நீங்கள் சொன்ன அந்த 38 பேரும்கூட, அமெரிக்கர்கள் அடுக்கிய காரணங்களில் பச்சைக்குழந்தைக்குப் பொருந்தக்கூடியது இந்தச் சிறுநீர்த் தொற்று ஒன்றுதான் என்று எழுதினார்கள், அதையும் மருந்தால் சமாளிக்கலாம் என்பது அவர்கள் வாதம். பிறவியிலேயே சிறுநீர்த் தாரையில் (மூத்திரம் வெளியேறும் குழாயில்) வால்வு அடைப்பு உள்ள பையன்களை வைத்து பிரான்சில் சீட்டுப்போட்டுப் பிரித்த சோதனையே நடந்து 2022இல் வெளிவந்தது: தொற்று வராமலிருக்கக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக் மட்டும் வாங்கியவர்களில் 20 சதவீதத்துக்குக் காய்ச்சலோடு தொற்று, மருந்தோடு முன்தோலும் எடுத்தவர்களில் 3 சதவீதம். இப்படிப்பட்ட குழந்தையிடம் போய் வளர்ந்து முடிவெடு என்று சொல்ல முடியாது, அதற்குள் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிடும். சாதாரணக் குழந்தை என்றால் நானும் உங்கள் கட்சிதான்.

ராப்பணி:

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். நீங்கள் மூன்று பேரும் மேலே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குக் கேட்க வேண்டியது வேறு. யூரினை எப்படி எடுத்தார்கள்? ஒட்டுகிற பிளாஸ்டிக் பையா, டியூப் விட்டா, நேரடியாகப் பிடித்தா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த வயதில் முன்தோல் உள்ளே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அது நோய் இல்லை, பின்னால் தானாக விலகும். அந்த இடுக்கில் கிருமிகள் இருப்பது சகஜம் (முன்தோலால் தொற்று வருகிறது என்பதற்குச் சொல்லும் காரணமும் இதேதான், அங்கே குடியிருக்கும் ஈ.கோலை தாரை வழியாக மேலே ஏறுகிறது என்பார்கள்). பையில் விழும் மூத்திரம் தோலை நனைத்து, தொடையைத் தொட்டு, சில நேரம் மலத்தையும் தொட்டுக்கொண்டுதான் சேரும். அதனால் பை மூத்திரத்தில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம், இருக்கிறது என்று வந்தால் மறுபடி சுத்தமாக எடுத்துப் பார்த்தால்தான் நம்பலாம். எங்கள் வார்டில் குழந்தையைப் படுக்கவைத்து, அடிவயிற்றில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சுத்துணியால் வட்டமாகத் தேய்ப்போம், கையில் டப்பாவோடு இன்னொருவர் தயாராக நிற்பார். சில பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்குள் பீய்ச்சிவிடும், நடுவில் வருவதைப் பிடித்துக்கொள்வோம். பிடிக்க முடியாமல் அவசரமாகவும் இருந்தால் மெல்லிய டியூப்.

இரண்டாவது, அல்ட்ராசவுண்ட் எடுத்தார்களா? சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று அதில் தெரியும், மேற்கொண்டு என்ன பார்ப்பது என்பது அப்புறம்.

மூன்றாவது, முன்தோலை எடுப்பது என்றே முடிவானாலும், மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது. அதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அந்தத் தோலே பெரும்பாலும் தேவைப்படும். குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறந்த சில வாரங்களில் என்றால் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்கள், ஐந்து மாதத்தில் பெரும்பாலும் முழு மயக்கம்தான். தொற்று அதிகம் வருவது முதல் சில மாதங்களில், அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தாண்டிவிட்டது, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிப்பாட்டும்போது தோலை வலிந்து பின்னுக்கு இழுக்கவே வேண்டாம். பெரியவர்கள் யாராவது இழுத்துக் கழுவச் சொல்வார்கள், கிழிந்து ஆறும்போதுதான் நிஜமாகவே இறுகிப்போகும்.

தூக்கமில்லாஅப்பா:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸம்மா, பைதான் ஒட்டினார்கள், அதுவும் இரண்டு தடவை கழன்று விழுந்து மூன்றாவதில்தான் சேர்ந்தது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். இரண்டு கிருமிகளின் பெயர் போட்டிருக்கிறது, வெள்ளணுக்கள் "சில" என்று எழுதியிருக்கிறது. அல்ட்ராசவுண்ட் பற்றி யாரும் பேசவில்லை.

ராப்பணி:

இரண்டு கிருமி, வெள்ளணு குறைவு, பை மூத்திரம். மூன்றும் சேர்ந்தால் அது தோலிலிருந்து கலந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிஜத் தொற்றில் பெரும்பாலும் ஒரே கிருமிதான் ஏராளமாக வளரும், வெள்ளணுவும் கூடவே ஏறும். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்: இதைத் தொற்று என்று எப்படி உறுதி செய்தீர்கள், கத்திக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று. கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர் என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

இடையில் மறுபடி காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கும் மிச்ச ஆண்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிடாதீர்கள், உடனே கூட்டிப்போய், முதல் டோஸுக்கு முன்னால் சுத்தமாக யூரின் எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ஒன்றும் வளராமல் போகலாம், அப்புறம் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.