அழித்தாலும் திரும்ப வரும் செக் எஞ்சின் லைட்: கோடு பி0171

கேள்வி: பெட்ரோல் கார். ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு (கோடு) வருகிறது. அதை அழித்தால் இரண்டே நாளில் லைட் மறுபடி எரிகிறது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாங்க. கலவையில காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னுதான் அந்தக் கோடு சொல்லுது. சென்சார் பாவம், தகவல் சொன்னதோட சரி. ஸ்கேனர் லைவ் டேட்டாவில ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (கார் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கிற அளவு) ரெண்டையும் கூட்டுங்க, ஐடிலிங்கிலயும் 2500 ஆர்பிஎம்மிலயும்.

கேட்டவர்: ஐடிலிங்கில் +22%, ரேஸில் +4%.

பதில்: அப்போ வேக்வம் லீக், அதாவது எங்கேயோ விரிசல் வழியா கணக்கில வராத காத்து எஞ்சினுக்குள்ள போகுது. பிசிவி ஹோஸ் (எஞ்சின் கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோற குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட் பாருங்க. ஹோஸை வளைச்சுப் பார்க்கணும். விரிசல் அடிப்பக்கம், கிளாம்பை ஒட்டி ஒளிஞ்சிருக்கும்.

இன்னொருவர்: ரேஸில் ட்ரிம் ஏறியிருந்தா ஃப்யூல் ஃபில்டர், பம்ப் பிரஷர், ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்குன்னு போகணும். பேட்டரியைக் கழட்டி லைட்டை அணைக்காதீங்க, ஃப்ரீஸ் ஃப்ரேம் டேட்டாவும் (கோடு விழுந்த நேரத்துல எஞ்சின் இருந்த நிலையோட பதிவு) போயிடும்.