அமெரிக்கக் கல்லூரிகளில் வகுப்புக்குள்ளேயே வாக்காளர் பதிவு: வேண்டுமா, வேண்டாமா?

பொன்வண்டு:
முதலாண்டு வகுப்பில் 15 நிமிடம் ஒதுக்கி வாக்காளர் பதிவு நடத்த வேண்டும் என்பது என் வாதம். பதிவுப் படிவத்தை மாணவர்களிடம் சேர்க்கக் கல்லூரிகள் மெய்யாகவே முயல வேண்டும் என்று உயர்கல்விச் சட்டத்தில் 1998-ல் சேர்த்தார்கள்; பெரும்பாலான மாநிலங்களுக்கு அது பொருந்தும். ஆனால் பதிவுக்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிச் சுட்டியைக் கொடுத்துவிட்டாலே கடமை தீர்ந்தது. குவியும் அஞ்சல்களுக்கு நடுவே அதை யார் திறப்பார்கள்?

தெற்குவாசல்:
அதே வகுப்புல எஃப்-1ங்கிற மாணவர் விசாவுல வந்த நம்ம பிள்ளைங்களும் உட்கார்ந்திருப்பாங்களே, அவங்க கதி? பக்கத்துல இருக்கிறவன் நிரப்புறதைப் பார்த்து இவங்களும் நிரப்புவாங்க. 'அமெரிக்கக் குடிமகனா?'ங்கிற கேள்விக்கு ஆமான்னு டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டா, பொய்யா குடியுரிமை கோரினதா எடுத்துக்குவாங்க. ஓட்டே போடலைன்னாலும் நாடுகடத்தல் வரைக்கும் போகலாம். பின்னாடி கிரீன் கார்டுக்கும் அதுவே முட்டுக்கட்டை.

பொன்வண்டு:
ஆபத்து உண்மை. அதனால்தான், நடைபாதையில் மேசை போட்டுப் போகிறவர் வருகிறவரை மடக்குவதைவிட வகுப்பு மேல் என்கிறேன். விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்கள் தொடவே கூடாது என்று முதலில் சொல்லிவிடலாம். படிவத்தைக் கையில் திணிக்காமல் சுட்டியைத் திரையில் காட்டினால் போதும்.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது முகவரியில். குடியிருப்பு முகவரி கேட்கும் கட்டத்தில் கல்லூரித் தபால்பெட்டி எண்ணை எழுதிவிடுகிறார்கள். எந்த வாக்குச்சாவடி எல்லைக்குள் வருகிறார் என்று கவுண்டி (மாவட்டம் போன்றது) அலுவலகம் அதை வைத்து முடிவுசெய்ய முடியாது. விடுதியின் கட்டட எண்ணும் தெருப்பெயரும்தான் அங்கே வர வேண்டும். தபால்பெட்டிக்கு அஞ்சல் முகவரி என்று தனிக் கட்டம் இருக்கிறது. இதை மின்னஞ்சலா சொல்லித் தரும்?

ஏழாம்படி:
விடுதி முகவரி எதற்கு? பெற்றோர் வீட்டு முகவரியிலேயே பதிவை வைத்துக்கொண்டு தபாலில் ஓட்டுப் போடலாமே. நாலு வருஷத்தில் கிளம்புகிற பிள்ளை அந்த ஊர்ப் பள்ளி வாரியத் தேர்தலைத் தீர்மானிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பொன்வண்டு:
நாலு வருஷமும் அந்த ஊர்ச் சாலையும் தண்ணீரும்தானே அவர்களுக்கு? டெக்சஸ் வாலர் கவுண்டியில் பிரெய்ரி வியூ பல்கலைக்கழக மாணவர்கள் பதியப் போனால், அந்த ஊர்வாசிதானா என்று தனிக் கேள்வித்தாள் நீட்டி வடிகட்டினார்கள். அது கூடாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1979-ல் உறுதிசெய்தது.

தபால் ஓட்டும் லேசு இல்லை. சில மாநிலங்கள் காரணம் கேட்கும், சில சாட்சிக் கையெழுத்துக் கேட்கும். சில இடங்களில் உறை தேர்தல் நாளுக்குள் தேர்தல் அலுவலகத்தின் கைக்கு வந்தாக வேண்டும். தபால் முத்திரைத் தேதி செல்லாது. உறையின் மேல் கையெழுத்துப் போட மறந்தால் ஓட்டு எண்ணிக்கைக்கே போகாமல் நிற்கும்.

தெற்குவாசல்:
விடுதி முகவரியிலயும் சிக்கல் இருக்கு. அடுத்த வருஷம் விடுதி மாறினா பதிவையும் மாத்தணும். டெக்சஸ்ல மாணவர் அடையாள அட்டையைக் காட்டி ஓட்டுப் போட முடியாது. துப்பாக்கி உரிமத்தைக் காட்டலாம்! 15 நிமிஷத்துல இவ்வளவும் சொல்லி முடியுமா? அதோட, மார்க் போடுறவர் எதிர்ல நின்னா 'எனக்கு வேண்டாம்'னு சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. நடத்தியே ஆகணும்னா பேராசிரியர் வெளிய போகட்டும், நூலகத்துல இருந்து யாராவது வந்து நடத்தட்டும். யார் பதிஞ்சாங்க, யார் பதியலைன்னு பேர்ப்பட்டியல் மட்டும் எடுக்கவே கூடாது.