புதுப்பிப்பு: அலாஸ்கா கப்பல் பயணம், ஒருவழியாக முடிவாச்சு

பனியாறும் திமிங்கிலமும் பார்க்க முதல் கப்பல் பயணத்துக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "கப்பலை விடுங்க, வழித்தடத்தைப் பாருங்க" என்று பலர் சொன்னீர்கள். அப்படியே செய்தேன்.

விளம்பரத்தில் நீச்சல் குளமும் நாடக அரங்கும்தான் பெரிதாக இருக்கின்றன. பனியாறுகள் உள்ள கிளேசியர் பே தேசியப் பூங்கா வழியில் உண்டா இல்லையா என்பதை அட்டவணையில்தான் தேட வேண்டும். அந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு 2 உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அனுமதி கிடையாது. போகிற கப்பலில் பூங்கா ரேஞ்சர்களே ஏறி விளக்கம் சொல்வார்களாம். கரையில் இறங்க முடியாது. மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்று மெதுவாகத் திரும்பும் என்பதால், இடப்பக்க பால்கனியா வலப்பக்கமா என்ற என் பெரும் குழப்பத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று!

மாதம் ஜூலை. சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஓடைகளில் ஏறத் தொடங்கினால் ஓடைக்கரையில் கரடி தென்பட வாய்ப்பு அதிகம். கூன்முதுகுத் திமிங்கிலம் பார்க்க, அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் தனிப் படகு.

விசாவைக் கவனியுங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் கிளம்பி அங்கேயே திரும்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள் (வெளிநாட்டில் பதிவானவை), இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்கிற 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தால், வழக்கமாகக் கனடாவின் விக்டோரியாவிலும் நிற்கும். அமெரிக்காவுக்குப் பலமுறை நுழையும் விசா இருக்கிறதா, கனடாவுக்குத் தனியாக வேண்டுமா என்று முன்பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பைனாகுலர் மட்டும் பாக்கி. 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வில்லை) போதுமா, சொல்லுங்க.