'பிகிபேக்கிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

கணினி வலையமைப்புப் பாடத்தில் வரும் 'பிகிபேக்கிங்'குக்கு (piggybacking) 'உடனேற்றம்' என்று முன்மொழிகிறேன். தரவுப் பொதியுடன் (பாக்கெட்) ஒப்புகையும், அதாவது 'தரவு வந்து சேர்ந்தது' என்ற பதில் அறிவிப்பும், ஏறிப் போகிறதே, அதனால். 'பிகி' என்பதில் உள்ள பன்றியைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். முதுகுச் சுமையைக் குறித்த பழைய 'பிக்-பேக்' திரிந்துதான் அங்கே பன்றி வந்தது.

*

ஐயா, வணக்கம்.

பன்றியை விட்டது சரி. 'உடனேற்றம்' உறுத்துகிறது. மாணவர் அதை 'உடனே ஏற்றுவது' என்றே படிப்பார். நடப்பது நேர் எதிர். இணையத்தில் தரவு தவறாமல் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறையில், பெறும் கணினி ஒப்புகையைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்த்திசையில் போகத் தரவு ஏதும் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் அந்தப் பொதியின் தலைப்பிலேயே (முன்னால் வரும் விவரப் பகுதி) ஒப்புகை எண்ணை எழுதி அனுப்பிவிடும். வராவிட்டால் வெறும் ஒப்புகை தனியே கிளம்பும்: ஐபி நெறிமுறையின் 4-ஆம் பதிப்பான ஐபிவி4-இல் ஐபி தலைப்பு குறைந்தது 20 பைட், டிசிபி தலைப்பு குறைந்தது 20 பைட், தரவு சுழியம்.

தொலைவிலுள்ள கணினியில் தட்டச்சு செய்ய உதவும் டெல்நெட்டில் ஓர் எழுத்தைத் தட்டிப் பாருங்கள். எழுத்து, அதற்கு ஒப்புகை, திரையில் காட்டத் திரும்பி வரும் எழுத்து, அதற்கு ஒப்புகை என்று 4 பொதிகள். நடு இரண்டும் சேர்ந்து வந்தால் 3.

காத்திருப்புக்கு எல்லை உண்டு. இணைய நெறிமுறை விதிகளைத் தரும் ஆர்எஃப்சி 1122 ஆவணம் (1989) 500 மில்லிவினாடிக்குள் அனுப்பியாக வேண்டும் என்கிறது. அதற்குள்ளேயே சிக்கல் வரும். ஒரு கோரிக்கையை இரண்டு சிறு துண்டாக எழுதும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு பொதிகளைக் குறைக்க டிசிபியில் உள்ள நேகிள் வழிமுறை, முதல் துண்டுக்கு ஒப்புகை வரும்வரை இரண்டாவதை விடாது. மறுமுனையோ, கோரிக்கை முழுதாக வராததால் பதிலும் இல்லாமல் ஒப்புகையையும் பிடித்து வைத்திருக்கும். நேரக்கெடு முடியும்வரை இரண்டு பக்கமும் சும்மா நிற்கும்.

என் பரிந்துரை 'உப்புமூட்டை ஒப்புகை'. குழந்தையை உப்புமூட்டை தூக்குவதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் அன்றாடப் பொருளும். வினையாக, 'ஒப்புகையை உப்புமூட்டை ஏற்று'. பாக்கெட்டைப் 'பொதி' என்றே எழுதிவந்தால் மூட்டையோடு குழம்பாது.

பாதுகாப்புத் துறைப் பொருளுக்கு இது ஒத்துவராது. அட்டை தேய்த்துப் போகிறவர் பின்னாலேயே, கதவு மூடுமுன் புகுவது 'ஒட்டி நுழைதல்'. அடுத்த வீட்டு வைஃபையைப் பயன்படுத்துவதற்கு 'ஓசி இணைப்பு' என்ற புழங்கு சொல்லே போதும். மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

*

'உப்புமூட்டை ஒப்புகை' ஏற்கிறேன். ஒப்புகையைப் பிடித்து வைத்து அனுப்பும் 'தாமத ஒப்புகை'யைச் சொற்பட்டியலில் தனிப் பதிவாக வைப்போம். தாமதித்த ஒப்புகை தரவு எதுவும் கிடைக்காமல் தனியாகவும் போகும். முழு அளவுத் துண்டுகள் வரிசையாக வந்தால் இரண்டுக்கு ஒன்றாவது ஒப்புகை போக வேண்டும் என்பதையும் அந்தப் பதிவிலேயே சேர்க்கலாம்.