வெளிநாட்டு டிகிரியை முதுகலை சேர்க்கையில் எப்படி எடைபோட்டார்கள்? உங்கள் அனுபவம் என்ன?

நானே தொடங்கி வைக்கிறேன். கையில் இருந்தது மூன்று வருட பி.எஸ்சி. அதை வைத்து அமெரிக்காவில் எம்.எஸ்ஸுக்கு விண்ணப்பித்தேன். ஒரு பல்கலைக்கழகம், நான்கு வருட இளங்கலைக்கு இது ஈடாகாது என்று அலுவலக மட்டத்திலேயே திருப்பிவிட்டது. பேராசிரியர்கள் கைக்கு என் விண்ணப்பம் போகவே இல்லை. இத்தனைக்கும் வெளிநாட்டு டிகிரிகளை மதிப்பிட்டுச் சொல்லும் நிறுவனம் ஒன்று 'ஈடானதுதான்' என்று அறிக்கை கொடுத்திருந்தது. அந்த அறிக்கை வெறும் ஆலோசனைதான், முடிவு எங்களுடையது என்று பதில் வந்தது. இன்னொரு இடத்தில் அதே டிகிரியை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். எந்த நாட்டு டிகிரிக்கு என்ன தகுதி என்று அவர்கள் இணையதளத்திலேயே பட்டியல் இருந்தது. காசு கட்டி அறிக்கை வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

* * *

நான் விண்ணப்பித்தது ஜெர்மனிக்கு, அங்கே வேறு கதை. ஐரோப்பிய நாடுகள் பட்டப்படிப்புகளை ஒரே மாதிரி அமைக்க ஒப்புக்கொண்ட போலோக்னா முறையில் மூன்று வருட இளங்கலை, அதாவது 180 ஈ.சி.டி.எஸ். கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் ஐரோப்பிய அலகு), அங்கே சகஜம். அதனால் வருடக் கணக்கு என்னைப் படுத்தவில்லை, மதிப்பெண் கணக்குதான் படுத்தியது. அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சியின் எல்லை. 'பவேரிய சூத்திரம்' என்று ஒன்று வைத்து மாற்றுவார்கள்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்ட வேண்டும்.

பத்துக்கு 7.2 என்று வையுங்கள். தேர்ச்சி 4 என்றால் விடை 2.4. தேர்ச்சி 5 என்றால் ஏறக்குறைய 2.7. நான் விண்ணப்பித்த துறை 2.5 வரைதான் எடுக்கும்! என் மார்க் ஷீட்டில் தேர்ச்சி மதிப்பெண் எங்குமே அச்சாகவில்லை. படித்த கல்லூரியில் அதற்கென்று தனிக் கடிதம் வாங்கி அனுப்பிய பிறகுதான் என் விண்ணப்பம் நகர்ந்தது.

* * *

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், துறையின் சேர்க்கைக் குழுவில். அலுவலகம் பார்ப்பது டிகிரி அங்கீகாரம் பெற்றதா, எத்தனை வருடம் என்பதை. நாங்கள் பார்ப்பது என்ன படித்தார் என்பதை. பிரிட்டனில் 70 சதவீதம் வாங்கினாலே முதல் வகுப்பு. அதை அமெரிக்க 70 மாதிரி யாரும் வாசிப்பதில்லை. அதனால் உங்கள் மதிப்பெண்ணை நீங்களாக அமெரிக்கப் பாணியில் 4-க்கு இத்தனை என்று மாற்றி எழுதாதீர்கள், படிவம் கேட்டால் ஒழிய. பல இடங்களில் அப்படி மாற்ற வேண்டாம் என்றே போட்டிருப்பார்கள்.

எங்களுக்கு நிஜத் தலைவலி பாடத்தின் பெயர். 'கணிதம் 3' என்றால் நாங்கள் என்ன புரிந்துகொள்வது? நேரியல் இயற்கணிதமா, வகைக்கெழுச் சமன்பாடுகளா? ஒரு மாணவி பாடத்திட்டத்தைப் பாடநூல் பெயரோடு ஒரே பக்கத்தில் இணைத்திருந்தார். அவருடைய கணித அடித்தளம் பற்றி அப்புறம் யாரும் கேள்வி எழுப்பவில்லை. வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கல்லூரி எழுதித் தந்தால் அதுவும் பேசும்.

* * *

சேர்க்கைக் குழு ஐயா சொன்னதோடு ஒன்று: மார்க் ஷீட்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். கிரேடு விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்புறம், அட்மிஷன் கடிதம் வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கல்லூரியிலிருந்து நேரடியாக அசல் டிரான்ஸ்கிரிப்ட் (முழு மதிப்பெண் பதிவு) போய்ச் சேரும்வரை பல இடங்களில் அது நிபந்தனையோடுதான். என் கல்லூரி அதை அனுப்ப எடுத்துக்கொண்ட காலத்தில் விசாவே வந்துவிட்டது.