சேலம் குகைப் பகுதி வீட்டுக் குழுவில் ஒரு பழைய போட்டோ

போகிக்கு முதல் நாள், காலை 10:12

நான்: [போட்டோ]

நான்: பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் தகரப் பெட்டியில் இந்தக் கால்பந்து டீம் போட்டோ கிடைத்தது. பந்தின் மேல் சுண்ணாம்பால் 1971 என்று எழுதியிருக்கிறது. யார் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கீழ் வரிசையில் ஒருவர் முகத்தைக் கரையான் தின்றுவிட்டது.

ஓசூர் அண்ணன்: தாயே, பழசு என்று நாளைக்குப் போகியில் போட்டுவிடாதே.

குகை பெரியப்பா: அட! இது இன்னும் இருக்கிறதா!! நடுவில் பந்தோடு உட்கார்ந்திருப்பவன் கேப்டன். சூரமங்கலத்துக்காரன், ரயில்வேயில் வேலை. பின் வரிசை ஓரத்தில் குள்ளமாக நிற்பவன் கோலி, அதாவது கோல்கீப்பர். அவனைத் தங்கராஜ் என்றுதான் கூப்பிடுவோம். அவன் பெயர் அது இல்லை.

சின்னவன்: அப்புறம் ஏன் தாத்தா தங்கராஜ்?

குகை பெரியப்பா: பீட்டர் தங்கராஜ் தெரியாதா உனக்கு? இந்தியாவுக்கே கோலி. நல்ல உயரம். வெல்லிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் டீமில் ஆடியவர். 1955, 1958 இரண்டு முறையும் டூரண்ட் கோப்பை அவர்களுக்கு. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காய்ச்சலில் கிடந்தவர் இறுதி ஆட்டத்துக்கு எழுந்து வந்து கோலில் நின்றார். தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். அப்போது எனக்கு 14 வயது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் கோலில் நின்றவன் எல்லாம் தங்கராஜ்தான். நம்மவன் ஐந்தேகால் அடி. ஆனாலும் தங்கராஜ்.

ஏற்காடு சித்தப்பா: அண்ணா, நம் தங்கராஜ் ஏற்காடு மலைக்கு வந்த கதையைச் சொல்லுங்கள்.

குகை பெரியப்பா: நீயே சொல். எனக்கு டைப் அடித்து விரல் வலிக்கிறது.

ஏற்காடு சித்தப்பா: நான் எட்டு வயதுப் பையன். ஹாஃப் டைமுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு. பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு. 14ஆவதிலேயே கோலி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். மேலே போனால் எஸ்டேட் மைதானம் ஒரு பக்கம் சரிவு. பந்து வெளியே போனால் காபிச் செடிக்குள் உருண்டு எங்கேயோ போய்விடும். எடுத்து வருவதற்குள் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்துவிடுவார்கள். இரண்டாம் பாதியில் பனி இறங்கிவிட்டது. யார் கோல் போட்டார்கள் என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஓசூர் அண்ணன்: சித்தப்பா, இந்தக் கதையில் வருடா வருடம் பனி அதிகமாகிக்கொண்டே போகிறது.

ஏற்காடு சித்தப்பா: வந்து பாருடா. பனி அப்படியேதான் இருக்கிறது, மைதானம்தான் இல்லை. ரிசார்ட் கட்டிவிட்டார்கள்.

நான்: பெரியப்பா, முகம் போனவர் யார்?

காலை 11:05

நான்: பெரியப்பா?

குகை பெரியப்பா: தெரியும். அவனைப் பற்றிப் பேச எனக்கு விருப்பம் இல்லை.

ஏற்காடு சித்தப்பா: பீச்சாங்கால் அண்ணன்தானே? முட்டியில் கட்டு இருக்கிறது பார்.

நான்: யார் சித்தப்பா?

ஏற்காடு சித்தப்பா: நம் தெருவில் தறி போட்டவர். இடது கால் ஆட்டக்காரர். கார்னரிலிருந்து வெறுங்காலால் ஒரு வளைவு வளைப்பார் பார், பந்து கோலுக்கு வெளியே போகிறது என்று கோலி பார்த்துக்கொண்டே நிற்பான், அது உள்ளே இருக்கும். அவர் கற்றுக்கொண்டது எல்லாம் பாவடியில்தான். காலையில் அங்கே பாவு, அதாவது தறிக்கான நீள நூல், நீட்டியிருப்பார்கள். பாவு சுற்றி எடுத்த பிறகுதான் பையன்களுக்கு இடம். கழிவு நூலைச் சுருட்டிக் கட்டியதுதான் பந்து. அவசரப்பட்டு முன்பே ஆடி, பந்து பாவில் பட்டு இழை அறுந்தால் முதுகுத் தோல் உரியும். அதனால்தான் அவருக்குப் பந்து காலைவிட்டு ஓரடிகூடத் தள்ளிப் போகாது என்பார்கள்.

குகை பெரியப்பா: அதெல்லாம் சும்மா. குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதி மிதித்த கால். அதனால் வந்த பலம்.

ஜங்ஷன் அத்தை: அண்ணா, தெருவே மிதித்தது. எல்லோருக்குமா இடது கால் ஆட்டம் வந்தது?

ஓசூர் அண்ணன்: அத்தை வந்துவிட்டார்கள். இனி எல்லோரும் ஒழுங்காகப் பேசுங்கள்.

சின்னவன்: வெறுங்காலோடா? ஃபவுல் இல்லையா?

ஓசூர் அண்ணன்: இந்தியா 1950 உலகக் கோப்பைக்குப் போகாததே அதனால்தான். பூட்ஸ் இல்லாமல் ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஃபார்வர்டு வந்தது, இருங்கள், அனுப்புகிறேன்.

ஏற்காடு சித்தப்பா: அனுப்பாதே. நம் இந்தியக் கால்பந்துச் சங்கமே போகாமல் விட்டுவிட்டது, பூட்ஸ் மட்டும் காரணம் இல்லை. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பாதிக்கு மேல் வெறுங்கால்தான். பிரான்ஸோடு 2-1 என்று தோற்றோம், அதுவும் இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு. 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று சாத்தியது. அதற்கப்புறம்தான் இங்கே பூட்ஸ் கட்டாயம்.

சின்னவன்: 10-1ஆ 😳

ஏற்காடு சித்தப்பா: அதோடு நின்றுவிடாதே. நான்கே வருடத்தில் மெல்போர்னில் நான்காவது இடம். 1960 ரோமில் பெருவுக்கு எதிராக ஒரு கோல் போட்டவர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான்.

சின்னவன்: சென்னையின் எஃப்சி டீம் இரண்டு தடவை ஐஎஸ்எல் கால்பந்து லீக் ஜெயித்திருக்கிறது, தாத்தா.

குகை பெரியப்பா: சந்தோஷம். சோற்றைத் தின்றுவிட்டுப் படி.

மதியம் 2:30

நான்: பெரியப்பா, அவரோடு உங்களுக்கு என்ன சண்டை?

குகை பெரியப்பா: சண்டை இல்லை. 71 இறுதி ஆட்டம். எதிரில் வெள்ளைக்கல் சுரங்கத்து ஆட்கள். வேலை முடிந்து நேராக வருவார்கள், முழங்கால் வரை வெள்ளையாக இருக்கும். பாதி சேலம் செர்ரி ரோட்டில் நின்றது. அன்றைக்கு இவன் ஓடவே இல்லை. இரண்டு முறை பந்து காலுக்கு வந்தது, தட்டிவிட்டு நின்றான். இரண்டாம் பாதியில் கோட்டோரம் போய் நின்றுகொண்டான். 1-0 என்று போய்விட்டது. சுரங்கத்தாரிடம் காசு வாங்கிவிட்டான் என்று டீக்கடையில் எல்லோரும் சொன்னார்கள்.

குகை பெரியப்பா: நானும்தான் சொன்னேன்.

ஜங்ஷன் அத்தை: காசு வாங்கவில்லை.

குகை பெரியப்பா: உனக்கு எப்படித் தெரியும் பாப்பா? நீ மைதானத்துக்கே வந்ததில்லை.

ஜங்ஷன் அத்தை: என்னை எங்கே விட்டீர்கள்? நான் வீட்டில் இருந்ததால்தான் தெரியும். விளக்கு வைத்த நேரத்தில் அவர் நம் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். காலுறையைக் கழற்ற முடியவில்லை, ரத்தம் காய்ந்து ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அம்மா வெந்நீர் ஊற்றி ஊற்றி எடுத்தாள். இடது காலில் இரண்டு நகம் காலுறையோடு வந்துவிட்டது. நான்தான் மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பூட்ஸ் போட்டாராம். கால் மடங்கிக் கிடந்தது என்றார். பத்து நாள் மிதியில் கால் வைக்க முடியவில்லை. பொங்கலுக்கு நெய்ய வேண்டிய இரண்டு சேலை அப்படியே நின்றது.

ஏற்காடு சித்தப்பா: அக்கா, இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை?

ஜங்ஷன் அத்தை: யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர்கள் மனசு கஷ்டப்படும் என்றார்.

மதியம் 2:51

நான்: யார் வாங்கிக் கொடுத்தார்கள் அத்தை?

ஜங்ஷன் அத்தை: உன் பெரியப்பாவைக் கேள்.

இரவு 9:40

குகை பெரியப்பா: வெளியூர் ரெஃப்ரி வருகிறார், பூட்ஸ் இல்லாமல் இறங்க விடமாட்டார் என்று ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்டது. அவனிடம் காசு இல்லை. தெருவில் ஆளுக்கு நாலணா வசூல் செய்தோம். நோட்டு என்னிடம்தான் இருந்தது. பெயர் எழுதி, கோடு போட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். அவனுக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார். என் காலைக் காட்டினேன்.

குகை பெரியப்பா: என்னுடையது ஏழாம் நம்பர்.

ஓசூர் அண்ணன்: அப்பா, விடுங்கள். 23 வயதுப் பையன் ஆசையாகச் செய்தது.

குகை பெரியப்பா: மைதானத்தில் அவன் அதைக் கட்டும்போது நானே பக்கத்தில் குந்தி லேஸ் இழுத்தேன். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினான்.

நான்: அவர் இப்போது இருக்கிறாரா அத்தை?

ஜங்ஷன் அத்தை: போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் கன்னங்குறிச்சியில் இருக்கிறாள். வீட்டு வாசலில் தட்டுவடை செட் போடுகிறாள். நான் அந்தப் பக்கம் போனால் காசு வாங்கமாட்டாள். அவளிடம் அப்பா ஆடிய போட்டோ ஒன்றுகூட இல்லை.

நான்: இதை அனுப்பட்டுமா? ஆனால் இதில் அவர் முகமே இல்லையே.

ஜங்ஷன் அத்தை: கால் இருக்கிறது அல்லவா? அனுப்பு.

குகை பெரியப்பா: போனில் அனுப்பாதே. ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து வை. காசு நான் தருகிறேன்.

குகை பெரியப்பா: கன்னங்குறிச்சிக்கு இப்போது எந்த பஸ் போகிறது?

ஜங்ஷன் அத்தை: உங்கள் முட்டிக்கு பஸ் வேண்டாம் அண்ணா. காணும் பொங்கலன்று ஆட்டோவில் இங்கே வாருங்கள், சேர்ந்து போகலாம். நாலு மணிக்கு மேல் வாருங்கள், அவள் கடை போடுவதே அப்போதுதான்.

குகை பெரியப்பா: சரி பாப்பா.