வலது பக்க சேடில் பேக்குக்குத் தாங்கி: நாமே செய்ய முடியுமா?

மலைச்சாலை:
என்னுடையது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக். சீட் மேல் போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடும் துணி சேடில் பேக் வைத்திருக்கிறேன். இடது பக்கம் சாரி கார்டு இருப்பதால் பை அதில் சாய்ந்து அசையாமல் நிற்கிறது, வலது பக்கம் ஒரு தடுப்பும் இல்லை. போன மாதம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிப் பார்த்தால், பை சைலன்சரில் உட்கார்ந்து அடியில் உள்ளங்கை அளவு உருகியிருந்தது, உள்ளே இருந்த மழைக்கோட்டும் போச்சு. தெருமுனையில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. என்ன கம்பி வாங்கட்டும், எங்கே மாட்டட்டும்?

இரும்புக்கை:
10 மி.மீ. எம்.எஸ். ராடு (சாதாரண இரும்புக் கம்பி) போதும். முதலில் கட்டுக்கம்பியை வண்டியிலேயே வளைத்து அளவு பாருங்கள், அப்புறம் ராடை வளைக்கலாம். முனைகளில் துளை போட்ட ஃப்ளாட் (பட்டை இரும்பு) துண்டு வைத்து மூன்று இடத்தில் பிடியுங்கள்: ஷாக் அப்சர்பரின் மேல் போல்ட், பின்சீட் கைப்பிடி போல்ட், பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட். ஷாக்கின் கீழ் போல்டில் மாட்டவே மாட்டாதீர்கள், அது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முடன் ஏறி இறங்கும், சேஸிஸ் அசையாது, இரண்டையும் ஒரே கம்பியால் கட்டினால் நாலு பள்ளத்தில் வெல்டு விட்டுவிடும். வண்டி மேலேயே பற்றவைப்பு வேண்டாம். அளவு குறித்துக்கொண்டு கழற்றிப் பட்டறையில் பற்றவையுங்கள், வண்டியிலேயே ஒரு பொட்டு வெல்டு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வையுங்கள். நைலாக் நட்டு (அதிர்வில் கழன்றுவிடாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள், நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும்.

நெடும்பயணி:
சைலன்சருக்கும் சேடில் பேக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள், அதுவும் பையில் சாமான் நிறைத்து, பின்னால் ஆள் உட்கார்ந்த நிலையில் அளந்து. தொங்கும் நாடாக்களை மடித்துத் தைத்துவிடுங்கள். என் நண்பனுக்கு நாடா ஸ்போக்கில் சுற்றி ஓடும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொண்டது, தோள் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. தாங்கி பலமாக இருக்கிறதே என்று பத்து கிலோ ஏற்றவும் வேண்டாம்.

மலைச்சாலை:
இருவருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடியே செய்து, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு அடித்துக் கறுப்பு பெயிண்ட் போட்டு மாட்டியாயிற்று. 5 மி.மீ. ஃப்ளாட் வைத்தபோது ஷாக் போல்டில் மரை பத்தவில்லை, 3 மி.மீ. வைத்ததும் நட்டு முழுதாக ஏறியது. நாடாவையெல்லாம் தைத்துவிட்டேன். பை இப்போது வலது இண்டிகேட்டரைப் பாதி மறைக்கிறது, அந்த இண்டிகேட்டரைப் பின்னால் தள்ளி வைக்க நாளை மறுபடி பட்டறைக்குப் போகிறேன்.